முறத்தில் போட்டுப் புடைக்கிற பள்ளிக்கூடம்

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இரண்டு சொற்கள் நெடுநாளாகப் புழங்குகின்றன. ஒன்று 'மீத்திறன் குழந்தைகள்'. மற்றது 'மெல்லக் கற்போர்'. முதல் சொல்லை உச்சரிக்கும்போது குரலில் ஒரு குழைவு வரும். இரண்டாவதைச் சொல்லும்போது ஒரு பெருமூச்சு. அந்தக் குழைவுக்கும் பெருமூச்சுக்கும் நடுவில், ஊருக்கும் சேரிக்கும் இடையில் ஓடுகிற அதே வாய்க்கால்தான் ஓடுகிறது. அதைப் பற்றி நம் பத்திரிகைகளில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2020-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசியக் கல்விக் கொள்கை, தனித்திறன் கொண்ட குழந்தைகளை ஆசிரியர்கள் இனங்கண்டு ஊக்குவிக்க வேண்டும், அவர்களுக்குக் கூடுதல் செறிவூட்டல் பாடங்கள் கொடுக்க வேண்டும் என்று தனிப்பகுதியே ஒதுக்கி எழுதியிருக்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. சந்தோஷம். ஆனால் கொள்கையை ஏற்காத ஊரிலும் அதன் ஆசை நுழைந்துவிட்டது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் எல்.கே.ஜி. முடித்த பிள்ளைக்கு அபாகஸ், சதுரங்கம், ஒலிம்பியாட் பயிற்சி என்று பலகை தொங்குகிறது. இந்த ஆசை நம் தெருக்களுக்கும் வந்தாச்சு. "எம்புள்ள நல்லாப் படிக்குது தோழர், எப்படியாச்சும் அத மட்டும் வேற நல்ல பள்ளிக்கூடத்துல சேத்து வுட்டுருங்க" என்று கேட்காத தாய் எந்தச் சேரியில் இருக்கிறாள்? அந்த 'அத மட்டும்' என்கிற வார்த்தைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

எடுத்த எடுப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செறிவூட்டலுக்கு எதிராக இதை எழுதவில்லை. கதைப் புத்தகம், காந்தம், பூதக்கண்ணாடி, புதிர்க்கணக்கு, சதுரங்கப் பலகை எல்லாமே நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அதிகமாகவே வேண்டும். எதிர்ப்பது அந்தத் திட்டங்களின் வாசலில் நிற்கிற முறத்தை. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் ஆறு வயது, ஏழு வயதுக் குழந்தைகளைப் போட்டுப் புடைத்து, இது மணி, இது பதர் என்று பிரிக்கிற வேலையை.

நெல்லுக்கு அந்த வேலை சரிதான். விதைநெல்லை உப்புத் தண்ணியில் கொட்டி, மிதக்கிற பதரை அள்ளிப் போட்டுவிட்டு, அமுங்கினதைத்தான் விதைக்கிறோம். விதைச்ச பொறவு யாரும் அப்படிப் பேசுவதில்லை. நாற்றங்காலில் பத்து நாள் பயிரைப் பார்த்து, இந்த நாத்து கலம் காணும், அந்த நாத்து காணாது என்று எந்த விவசாயத் தொழிலாளியும் சொல்லமாட்டார். தண்ணி பாஞ்ச பக்கம் பச்சையா இருக்கும், பாயாத பக்கம் வெளுத்துக் கெடக்கும். மேட்டூரில் திறக்கிற தண்ணி தலைமடைக்கு முதலில் வருகிறது, கடைமடைக்குக் கடைசியில் வருகிறது, சில வருஷம் வராமலே போகிறது. கடைமடைப் பயிர் காய்ந்தால் விதை சரியில்லை என்று சொல்கிற அதிகாரி ஒருத்தர் இருந்தால் அவரை நாம் என்ன செய்வோம்? பள்ளிக்கூடத்தில் மட்டும் அவரை உட்கார வைத்து மாலை போடுகிறோம்.

டெல்டாவில் 'மீத்திறன்' என்றதும் நீட்டப்படுகிற முதல் படம் சீனிவாச ராமானுஜன். அவரையே எடுத்துக்கொள்வோம். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதியவர். ஏழைக் குடும்பம்தான், மறுக்கவில்லை. 1897-ல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தஞ்சை மாவட்டத்தில் முதலாவதாக வந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அதே வரலாறுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வருமானம் போதாததால் அந்த வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த மாணவர்களிடமிருந்துதான் பதினொரு வயதுக்குள் பையன் கல்லூரிக் கணக்கைக் கற்றுக்கொண்டான். பிறகு லோனியின் திரிகோணமிதி இரவலாகக் கிடைத்தது. 1903-ல் கார் எழுதிய தேற்றங்களின் பெருந்தொகுப்பு அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர்கள் வழியாக வீட்டுக்கு வந்தது. இதற்குப் பேர்தான் செறிவூட்டல். அரசாங்கத் திட்டம் எதுவும் அல்ல, தெரு கொடுத்தது. அந்தத் தெருவில் வாடகைக்கு வரும் மாணவன் ஏற்கனவே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். அந்த நூலகத்தின் வாசலில் யாரும் யாரையும் நிறுத்தி 'நீ எந்தத் தெரு' என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அதே காலத்தில் அதே தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாள் குடிசையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? பஞ்சமர் கல்விக்கென்று சென்னை மாகாண அரசு ஓர் அரசாணை போட்டதே 1893-ல்தான். அப்போது ராமானுஜனுக்கு ஐந்து வயது. அரசாணை போட்டார்களே தவிர, சேரிப்பிள்ளை வந்து உட்கார்ந்த திண்ணைப் பள்ளியிலிருந்து மற்ற பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப் போகிற வழக்கம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது. ராமானுஜனின் மூளையைக் குறைத்துச் சொல்ல எனக்கு ஆசையில்லை. அந்த மூளையைப் போல் இன்னும் எத்தனை மூளை நடவு வயலில் குனிந்தே செத்தது என்று கேட்காமல் அந்த மூளையைப் பற்றிப் பேசக்கூடாது என்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. இந்த ராமானுஜனே 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். இன்றைய பதிவேட்டில் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் பேர் எழுதியிருப்பார்கள். பார்ப்பனியம் கட்டிய முறத்திலேயே பார்ப்பன மேதை தங்கவில்லை என்றால், முறத்தின் யோக்கியதை என்ன?

ஒவ்வோராண்டும் டிசம்பர் 22-ஆம் தேதி அவர் பிறந்தநாள் தேசியக் கணித நாளாகப் பள்ளிகளில் கொண்டாடப்படுகிறது. மூன்று நாள் கழித்து டிசம்பர் 25. கீழ்வெண்மணி நாள். 1968-ல் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட மக்களின் குழந்தைகள். அவர்களில் யாருக்குக் கணக்கு வரும், யாருக்குப் பாட்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. பழைய தஞ்சை மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் முதல் தேதிக்குக் கண்காட்சி வைக்கிறார்கள். இரண்டாவது தேதியில் அரையாண்டு விடுமுறை.

இனி இந்த முறத்தைச் செய்தவர்களின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1905-ல் பிரான்சில் ஆல்ஃபிரெட் பினே ஒரு சோதனையைத் தயாரித்தார். பள்ளியில் தடுமாறும் குழந்தைகளுக்கு உதவி தேவை என்று கண்டுபிடிப்பது அவர் நோக்கம். அறிவு மாறாத அளவு என்ற கருத்தை அவரே எதிர்த்தார். அந்தச் சோதனை அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போனதும் குணம் மாறிப்போனது. 1916-ல் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி வெளியிட்ட புத்தகத்தில், செவ்விந்தியர், மெக்சிகர், கறுப்பர் குழந்தைகளிடம் காணும் மந்தம் இனத்தோடு வருவதாகவும், அவர்களைத் தனி வகுப்பில் வைக்க வேண்டும் என்றும் எழுதினார். தனி வகுப்பு! நமக்குப் பழக்கமான வார்த்தை. அதே டெர்மன் 1921-ல் கலிஃபோர்னியாவில் மேதைக் குழந்தைகளைத் தேடிப் புறப்பட்டார். முதலில் ஆசிரியர்களிடம் 'உங்கள் வகுப்பில் யார் கெட்டிக்காரர்' என்று கேட்டு, அவர்கள் காட்டிய பிள்ளைகளைத்தான் சோதித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருவரும் நோபல் பரிசு வாங்கவில்லை. சோதனையில் தேறாமல் கழிக்கப்பட்ட இரண்டு பையன்கள், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரேசும், 1956-லும் 1968-லும் இயற்பியலுக்கான நோபல் வாங்கினார்கள். இதில் ஷாக்லி பிற்காலத்தில் கறுப்பர்களுக்குப் பிறவியிலேயே அறிவு குறைவு என்று மேடை மேடையாகப் பேசித் திரிந்தார். முறத்தில் தங்காமல் விழுந்த ஆளே முறத்துக்குக் காவல் நின்ற கதை. இது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற கதையா என்ன?

நம்நாட்டுக்கும் அது வந்தது. 1934-லேயே தார்வாரில் வி.வி. காமத் பினே சோதனையை மராத்திக்கும் கன்னடத்துக்கும் ஏற்றார். அவர் பேரிலான சோதனை பிறகும் நெடுங்காலம் மனநலக் கூடங்களில் புழங்கியது. மொழியை மாற்றினார்கள். வீட்டை மாற்ற முடியுமா? படத்தைக் காட்டிப் பேர் கேட்பது, சொல்லைச் சொல்லிப் பொருள் கேட்பது என்றால், வீட்டில் படப்புத்தகம் இருக்கிற பிள்ளை முந்தும். வீட்டில் பேசுகிற தமிழும் பாடப்புத்தகத் தமிழும் நெருங்கியிருக்கிற பிள்ளை முந்தும். அக்ரகாரத்துப் பிள்ளை 'ஆத்துல' என்று சொன்னால் அது பேச்சுவழக்கு. நம்ம புள்ள 'வூட்டுல' என்றால் அது உச்சரிப்புக் குறை. ஒன்றாம் வகுப்பு ஜூன் மாதத்திலேயே இந்தத் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. மார்ச்சில் வருகிற மதிப்பெண் வெறும் நகல்.

தீர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். மாணவத் தோழர்கள் தேடிப் படிக்கலாம். ஒன்று, அமெரிக்காவில் ரோசன்தால், ஜேக்கப்சன் இருவரும் ஒரு தொடக்கப்பள்ளியில் செய்தது. வெண்மணி எரிந்த அதே 1968-ல் புத்தகமாக வந்தது. சீட்டுக் குலுக்கல் மாதிரி சில குழந்தைகளைப் பொறுக்கி, 'இவர்கள் இந்த வருஷம் பூக்கப் போகிறவர்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். சோதித்துப் பார்த்தோம் என்று பொய்யும் சொன்னார்கள். வருஷக் கடைசியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே முந்தியிருந்தார்கள். அந்த ஆய்வின் கணக்குகளைப் பற்றிப் பின்னால் பெரிய சண்டை நடந்தது. இருந்தாலும் அதிகமான விளைவு சின்ன வகுப்புகளில் காணப்பட்டது என்பது நமக்கு முக்கியம். மற்றொன்று நம் நாட்டில் நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேச கிராமப் பள்ளி மாணவர்களிடம் செய்து 2004-ல் வெளியிட்டது. தாளில் வரைந்த புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாமல் விட்டபோது மேல்சாதிப் பையன்களுக்கும் சமார் பையன்களுக்கும் வித்தியாசமே இல்லை. அறைக்குள் ஒவ்வொருவர் பேரோடும் சாதியைச் சத்தமாகச் சொன்னதும் சமார் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. மூளை அதேதான். அறை மாறிவிட்டது.

நம்ம ஊரில் சாதியைச் சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. வருகைப் பதிவேட்டில் தெருப் பேர் இருக்கிறது. யாரை எழுந்து பாடம் வாசிக்கச் சொல்கிறார்கள், யாரைத் தண்ணி எடுத்துவரச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பள்ளிகளில் சாதி வன்மம் பற்றி ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில், மாணவர்களைப் பேரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. அகரவரிசைக்கு ஒரு குழு தேவைப்படுகிறது என்றால் அதுவரை எந்த வரிசையில் உட்கார வைத்தார்கள்?

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் விட்டுப்போன வாசிப்பையும் கணக்கையும் ஈடுகட்ட வந்த திட்டம். அதன் நோக்கத்தைப் பழிக்க நான் தயாரில்லை. எழுத்தே தெரியாமல் ஐந்தாம் வகுப்பு போகிற பிள்ளை நம்ம பிள்ளைதான். ஆனால் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் வைத்துப் பயிற்சி நூல்கள் கொடுத்தார்கள். பேரெல்லாம் அழகுதான். அரும்பும் ஒருநாள் மலரும் என்பது எழுதியவர்களின் நம்பிக்கை. ஆறு வயதுக் குழந்தைக்கு நம்பிக்கை புரியாது, பக்கத்துப் பிள்ளையின் கையில் வேறு புத்தகம் இருப்பது புரியும். "நீ என்னாடி?" "நான் மலரு. நீ?" "அரும்பு." இந்தப் பேச்சு முடிந்த இடத்தில் ஒரு சாதி முளைக்கிறது. பழைய சாதியின் மேலேயே அது முளைத்தால் கேட்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பதைப் புத்தகம் பார்க்காமல் தெரிந்துகொண்டு, அம்மா எடுத்த நடவுக் கூலியை எத்தனை பேருக்குப் பிரிப்பது என்று வரப்பில் நின்று மனக்கணக்குப் போட்ட தலைமுறை இது. எந்த வளையில் நண்டு இருக்கும், எதில் பாம்பு இருக்கும் என்று கை விடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய பிள்ளைக்குக் கவனிக்கும் திறன் குறைவு என்று எந்தச் சோதனை சொன்னாலும் அந்தச் சோதனையைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். இன்று நடவு மிஷினும் அறுவடை மிஷினும் வந்து அந்த வேலைகளும் போய், அப்பா திருப்பூருக்கும் அம்மா நூறுநாள் வேலைக்கும் போக, பிள்ளை அப்பாயியோடு கிடக்கிறது என்பது வேறு கதை.

அதற்காக வயல் அறிவே நம்ம புள்ளைக்குப் போதும், அதையே பாடமாக வைத்துவிடலாம் என்று உருகுகிற நகரத்து நண்பர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 1953-ல் ராஜாஜி சொன்னது அதைத்தானே? கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில். பண்ணையாள் பிள்ளைக்கு அப்பன் தொழில் என்றால் மிராசுதாரின் மாடு. 1954-ல் காமராசர் வந்து அந்தத் திட்டம் ஒழிக்கப்பட்டது. குலக்கல்வி பிறப்பைப் பார்த்துப் பிரித்தது. 'மீத்திறன்' பிறப்பின் விளைவைப் பார்த்துப் பிரிக்கிறது. முன்னதை எதிர்க்கத் தெரிந்த திராவிட இயக்கத்தாருக்குப் பின்னதைப் பார்த்தால் கைதட்டத் தோன்றுகிறது.

நம்மவர்களையும் விட்டுவிட முடியாது. இயக்கங்களும் தொண்டு நிறுவனங்களும் சேரிகளில் மாலைநேரப் பள்ளிகள் நடத்துகின்றன. நல்ல காரியம். ஆனால் பல இடங்களில் ஒரு வருஷம் போனதும் என்ன நடக்கிறது? முப்பது பிள்ளைகளில் சூட்டிகையான இரண்டு பேரைப் பொறுக்கி, நன்கொடையாளர் வரும்போது முன்னால் நிறுத்தி, ஆண்டறிக்கையில் படம் போட்டு, டவுன் விடுதிக்கு அனுப்புகிறார்கள். மீதி இருபத்தெட்டு பேர் மறுநாளும் அதே பாயில் உட்காருகிறார்கள், தங்கள் பேர் அந்தப் பட்டியலில் இல்லை என்று தெரிந்துகொண்டு.

இந்த ஒருத்தரைப் பொறுக்குகிற அரசியல் நம் மண்ணில் ரொம்பப் பழசு. நந்தனை நினைத்துப் பாருங்கள். ஆதனூர்ப் புலையன். ஊரே வெளியில் நின்றபோது அவன் ஒருவன் மட்டும் தில்லைக்குள் போக அனுமதிக்கப்பட்டான். எப்படி? தீயில் இறங்கி. பெரியபுராணம் அவனைப் பூணூலோடு முனிவராக வெளியே கொண்டுவருகிறது. சிற்றம்பலத்துக்குள் போனவன் மறைந்தே போகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கதையை விரித்தபோது, போவதற்கு முன் நாற்பது வேலி வேலையை முடிக்கச் சொல்லும் வேதியரையும் சேர்த்தார். மீத்திறன் திட்டம் முழுவதும் இதில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு, தேறிய ஒருவன், அவன் தன் சனத்தின் அடையாளம் எரிந்து வெளியே வருவது, ஆதனூர்ச் சேரி அப்படியே இருப்பது. இதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பேரில் பள்ளி தொடங்கியபோது இந்தக் கதையைத் தலைகீழாக்கினார். ஒரு நந்தனை உள்ளே அனுப்புவதை விட்டுவிட்டு, நந்தனின் பிள்ளைகளுக்கெல்லாம் தனி வாசலைக் கட்டினார். அவருடைய சைவத்தோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. வாசல் விஷயத்தில் அவர் செய்ததுதான் சரி.

அம்பேத்கரை வைத்து என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அவரும் உதவித்தொகையில் பொறுக்கி எடுக்கப்பட்டவர்தானே என்பார்கள். பரோடா மன்னர் உதவி வந்தது கல்லூரிக் காலத்தில். ஆறு வயதில் அவருக்குக் கிடைத்தது வகுப்பில் ஓரமாக ஒரு சாக்கு. வீட்டில் கிடைத்தது, மகள்களின் நகையை அடகு வைத்தாவது புத்தகம் வாங்கிக் கொடுத்த ஒரு அப்பா. அந்த அப்பாவுக்கு ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியர் வேலை இருந்தது. பள்ளிக்கூடம் சாக்கைக் கொடுத்தது, அப்பா செறிவைக் கொடுத்தார். அப்படி ஓர் அப்பா இல்லாத பிள்ளைக்கு அந்த அப்பாவின் வேலையைப் பள்ளிக்கூடம் செய்ய வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான்.

உண்மையான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. ஆகஸ்டிலேயே முழுப் புத்தகத்தையும் வாசித்து முடித்துவிட்டு, மீதி மாதங்கள் கொட்டாவி விடுகிற பிள்ளை சேரியிலும் இருக்கிறது. அது சலித்துப் போகும், குறும்பு செய்யும், அடி வாங்கும், கடைசியில் வராமலே போகும். அதைக் கண்டுபிடிக்கவாவது சோதனை வேண்டாமா? புளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம் 2005-ல் ஆசிரியர் பரிந்துரையை நம்புவதை விட்டுவிட்டு இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் எல்லோரையும் சோதித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பர், லத்தீன் குழந்தைகளின் பங்கு வெகுவாகக் கூடியது. டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016-ல் இதை எழுதினார்கள். அப்படியானால் சோதனை நமக்கு நல்லதுதானே?

இந்த ஆய்வை நான் இப்படிப் படிக்கிறேன். சோதனை நல்லது என்பதைவிட, ஆசிரியரின் கண் எவ்வளவு கெட்டது என்பதையே அது காட்டுகிறது. அந்தக் குழந்தைகள் அதுவரை அதே வகுப்பில்தான் இருந்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. டெல்டாவில் அந்தக் கண்ணுக்குச் சாதி என்று பேர். இன்னொன்று, பணம் போதாமல் அந்த ஏற்பாடு சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அமெரிக்காவுக்கே கட்டுப்படியாகாத சோதனையை, ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கிற நம் பள்ளிகளில் யார் நடத்துவார்? வேலையே இல்லாமல் நிற்கிற மூன்றாவது ஆசிரியரா? இரண்டு பேரில் ஒருவர் ஐந்து 'மீத்திறன்' பிள்ளைகளோடு போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருத்தர் தலையில். அந்த ஒருத்தர் தண்ணி எடுத்துவரச் சொல்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

முந்தி ஓடுகிற பிள்ளையை முந்தி ஓடவிட, அதைத் தனியே பிரிக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் கையிலேயே ஆதாரம் இருந்தது. சென்னை மாநகராட்சியின் பதின்மூன்று பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை பிள்ளைகள் கலந்து உட்கார்ந்தார்கள். சுவரில் ஏணிப்படி மாதிரி ஓர் அட்டவணை, அட்டைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. ஓர் அட்டையை முடித்தால் அடுத்த அட்டை. ஒரு பிள்ளை நவம்பரிலேயே வருஷப் படியைத் தாண்டிப் போகலாம், யாரும் தடுக்கவில்லை. நாற்காலியை எடுத்துவிட்டு ஆசிரியரும் பாயில் உட்கார வேண்டும் என்றார்கள். டெல்டா கிராமத்தில் ஆதிக்கசாதி வாத்தியார் சேரிப் பிள்ளைகளோடு ஒரே பாயில் வட்டமாக உட்காருவது சின்ன விஷயமா? அந்தத் திட்டத்தில் ஓட்டை இருந்தது. அட்டைகள் தேய்ந்தன, பயிற்சி குறைந்தது, மேலிருந்து திணித்தார்கள் என்ற கோபம் ஆசிரியர்களுக்கு இருந்தது. ஓட்டையை அடைப்பதற்குப் பதில் படிப்படியாகக் கைகழுவிவிட்டார்கள். நாற்காலி திரும்பி வந்துவிட்டது.

சாப்பாட்டு விஷயத்தில் இந்த அரசுகளுக்குப் புத்தி இருந்திருக்கிறது. 1956-ல் காமராசர் மதிய உணவு கொடுத்தபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு என்று விரித்தபோதும், 2023 ஆகஸ்ட் 25-ல் நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டபோதும், யாருக்குப் பசி அதிகம் என்று தேர்வு வைக்கவில்லை. உட்கார்ந்தால் சோறு. 2022 நவம்பரில் திருச்சி காட்டூர் ஆதிதிராவிடர் நலப் பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் தொடங்கிய வானவில் மன்றமும் அப்படித்தான். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அறிவியல் சோதனைகள், தேர்வு இல்லை. ஆனால் ஆறாம் வகுப்பு வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஆறு வயதில் கேட்கிற 'ஏன்' பதினோரு வயது வரைக்கும் உயிரோடு இருக்குமா?

எனவே கேட்க வேண்டியதை மொத்தமாகவே கேட்போம். திருவாரூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி மூன்றில் ஒருவர் தலித், தமிழ்நாட்டிலேயே அதிகமான விகிதம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லாப் பிள்ளைக்கும் காந்தமும் கண்ணாடியும் கதைப் புத்தகமும் கொடு என்று இந்த மாவட்டத்திலிருந்து குரல் எழும்பாமல் வேறு எங்கிருந்து எழும்? மாலைநேரப் பள்ளி நடத்தும் தோழர்கள், நன்கொடையாளர் வரும் நாளில் முப்பது பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லுங்கள், தடுமாறி வாசிக்கிற பிள்ளை உட்பட. பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காருகிற நம் பெண்கள், தண்ணி எடுக்கப் போகிற பிள்ளைகளின் பேர்ப்பட்டியலைக் கேளுங்கள். கிராமசபையில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.

நிறைய தொடக்கப்பள்ளிகளில் அரசு அனுப்பிய படப்புத்தகங்கள் பீரோவுக்குள் இருக்கின்றன. கிழிந்துவிடும், அழுக்காகிவிடும், கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று பூட்டி வைக்கிறார்கள். கிழியட்டும். இந்த மாதமே போய்ச் சாவியைக் கேளுங்கள்.